3, 5, 7: டர்பன் கடலுக்கு எந்த வெட்சூட்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சிலிண்டர் கட்டி ஸ்கூபா டைவ் செய்பவர், தண்ணீரின் குளிரைத் தாங்கப் போடும் ரப்பர் உடையான வெட்சூட் ஒன்றே ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், உடம்போடு ஒட்டி நிற்கும் 5 மி.மீ. தடிமனுள்ள முழுச்சூட் வாங்கலாம். 3 மி.மீ.க்கும் 7 மி.மீ.க்கும் இடம் உண்டு, அதையும் பார்ப்போம். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தடிமனைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுகிறார்கள். அளவு பொருந்துகிறதா என்பதைக் கண்ணாடி முன் ஒரு சுற்று திரும்பிப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பொருத்தத்துக்குத்தான் முதல் மார்க். தளர்ந்து தொங்கும் 7 மி.மீ.யை விட ஒட்டிப் பிடிக்கும் 5 மி.மீ. கதகதப்பாக இருக்கும்.

இந்தப் பேச்சைக் கிளப்பியவன் என் மைத்துனன். மதுரையிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவன், ஊருக்கு வெளியே தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி ஒன்றில் டைவிங் பயிற்சியை முடித்திருக்கிறான். "மாமா, 7 மி.மீ. ஒண்ணு வாங்கிட்டா கேப் டவுனுக்கும் ஆச்சு, சொட்வானாவுக்கும் ஆச்சுல்ல?" என்று போனில் கேட்டான். "ரெண்டு கடலையும் ஒரே சட்டையில அடக்கப் பாக்குறியேடா" என்றேன். அவன் விடவில்லை. அவன் பக்கம் நியாயமும் இருந்தது. ஜோகன்னஸ்பர்க்காரனுக்கு எல்லாக் கடலும் தூரம்தான். எங்கே போனாலும் கையில் ஒரு சூட் இருந்தால் போதும் என்று தோன்றத்தான் செய்யும்.

இந்த நாட்டில் அது செல்லாது. கிழக்குக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்துத் தண்ணீரைத் தெற்கே கொண்டுவருகிறது. அதனால் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய சொட்வானா விரிகுடாவில் கோடையில் தண்ணீர் 27 டிகிரியைத் தொடும், குளிர்காலத்திலும் 21, 22க்குக் கீழே போவது அபூர்வம். டர்பனுக்குத் தெற்கே அம்கோமாஸ் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலிவால் பாறைத்திட்டில் கோடையில் 24 முதல் 26, குளிர்காலத்தில் 19 முதல் 21. கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கம் கதையே தலைகீழ். கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். வெயில் மண்டையைப் பிளக்கும் ஜனவரியில் தண்ணீர் 10 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. ஃபால்ஸ் விரிகுடா அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. குளிர்காலத்தில் 13 முதல் 15, கோடையில் அதற்கு மேல்.

டர்பன்காரர்களுக்குத் தண்ணீரின் குளிர்ச்சியைக் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. மே, ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் கரையோரம் வடக்கே ஏறி வரும்போது வலை இழுக்கும் குடும்பங்களில் நம் வம்சாவளியினர் நிறையப் பேர் உண்டு. தண்ணீர் 21 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் மத்தி இவ்வளவு தூரம் மேலே வரும். டைவ் செய்பவருக்கும் அதே 21தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் 3 மி.மீ. பற்றி யோசிக்கலாம், கீழே போனால் 5.

தண்ணீருக்கடியில் தடிமன் கரையும்

வெட்சூட் தண்ணீரைத் தடுப்பதில்லை. உள்ளே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் போகும், உடம்பு அதைச் சூடாக்கும், அது அங்கேயே தங்கினால் குளிராது. குளிரை உண்மையில் தடுப்பது நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். அதனால்தான் 24 டிகிரி அறையில் பனியனோடு உட்கார்ந்திருப்பவர் 24 டிகிரி தண்ணீரில் முக்கால் மணி நேரம் கழித்துப் பல் கிட்டிக்கொள்கிறார்.

அந்தக் குமிழ்களும் ஆழம் போகப்போக நசுங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி வாயு பாதியாகச் சுருங்கும், 30 மீட்டரில் கால்வாசி. ரப்பர் சுருங்காது என்பதால் சூட்டின் தடிமன் அதே கணக்கில் குறையாது, ஆனால் நன்றாகவே குறையும். அலிவாலில் கதீட்ரல் என்ற இடம் 27 மீட்டர் வாக்கில் இருக்கிறது. ஜூனிலிருந்து நவம்பர் வரை ராகிகள், அதாவது பல் துருத்திய அந்தச் சாதுச் சுறாக்கள், கூடும் குகைகளில் அதுவும் ஒன்று. சுறா வரும் மாதங்கள்தான் தண்ணீர் குளிரும் மாதங்கள். ஆழத்தில், அசையாமல் மணலில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய டைவ் அது. நீந்தாத உடம்பு சூடு உண்டாக்காது. 3 மி.மீ. போட்டவர் சுறாவைப் பார்ப்பதா, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதா என்று ஆகிவிடும்.

சரி, மூன்றையும் எடை போடுவோம்.

3 மி.மீ. இலகு. போடவும் கழற்றவும் சுலபம், மிதக்காமல் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியும் குறைவாகப் போதும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சொட்வானாவுக்கு மட்டும் போகிறவர் இதோடு நின்றுவிடலாம். மொரிஷியஸ், மாலத்தீவு விடுமுறைக்கும் இதுவே. இதற்கு ஒரு துணை இருக்கிறது, தொப்பி வைத்த உள்சட்டை. 2 அல்லது 3 மி.மீ. நியோபிரீனில் கையில்லாத பனியன் மாதிரி இருக்கும், தலைமூடி அதோடு சேர்ந்தே வரும். இதை 3 மி.மீ. சூட்டுக்குள் போட்டால் நெஞ்சு, முதுகு, தலை, கழுத்து நான்கும் மூடிக்கொள்ளும். கழுத்து வழியே தண்ணீர் இறங்குவதும் நின்றுவிடும். ஆளுக்கு ஆள் குளிர் தாங்கும் சக்தி வேறு என்பதால் இந்த ஜோடியோடு ஆண்டு முழுக்க அலிவாலில் டைவ் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மார்கழியில் ஸ்வெட்டர் தேடும் என் மைத்துனன் அந்த ஜாதி இல்லை.

5 மி.மீ.க்கு ஒரு குறை உண்டு. டிசம்பரில் அம்கோமாஸ் கரையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது தண்டனை. ஆற்று முகத்துவாரத்திலிருந்து ரப்பர் படகு அலையை உடைத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். படகில் உட்கார்ந்து நிதானமாக மாட்டிக்கொள்ள முடியாது, அப்போது இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருக்கும். கரையிலேயே சூட்டைப் போட்டு, உயிர்காப்புச் சட்டையும் மாட்டி, ஸ்கிப்பர் கை காட்டும் வரை அந்தப் புழுக்கத்தில் காத்திருக்க வேண்டும். இடுப்பு வரை மட்டும் ஏற்றிவைத்துக்கொண்டு, கூப்பிட்டதும் மேல்பாதியை மாட்டுவது வழக்கம். தலையிலும் முதுகிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டால் ஆண்டில் பன்னிரண்டு மாதமும் இது போதும். ஆகஸ்டில் மட்டும் மேலே சொன்ன தொப்பிச் சட்டையை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு டைவ் அடுத்தடுத்துச் செய்வதுதான் இங்கே நடைமுறை. முதல் டைவில் இழந்த சூடு முழுதும் திரும்புவதற்குள் இரண்டாவது தொடங்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் ஈரச் சூட்டில் காற்று படாமல் இருக்க ஒரு மழைக்கோட்டு போதும். பலர் அதைக் கொண்டுவருவதில்லை, பிறகு சூட்டைக் குறை சொல்கிறார்கள்.

7 மி.மீ. டர்பனுக்குத் தேவையில்லை. கடற்கரைப் புழுக்கத்தில் மயக்கம் வரும் அபாயம் ஒருபுறம், கூடுதல் மிதப்பு மறுபுறம். 5 மி.மீ.யை விடக் கணிசமாக அதிக ஈயம் கட்டி இறங்க வேண்டும். ஆழம் போனதும் நியோபிரீன் நசுங்கி அந்த மிதப்பு போய்விடும், ஈயம் மட்டும் இடுப்பில் தொங்கும். மேலே ஒரு மனிதன், கீழே ஒரு மனிதன் என்று டைவ் முழுக்க பி.சி.டி.யில், அதாவது மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையில், காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவருக்கு இதுவே பெரிய வேலை.

கேப் டவுனில் 7 மி.மீ. அடிப்படைத் தேவை. அதிலும் இரண்டு வகை. பட்டை வைத்த நீள்காற்சட்டையும் மேலே ஜாக்கெட்டும் சேர்ந்த இரட்டைச் சூட்டில் உடம்பின் நடுப்பகுதிக்கு இரண்டு அடுக்கு, 14 மி.மீ. கிடைக்கும். கதகதப்புதான், ஆனால் கையைத் தூக்கவே பலம் வேண்டும். செமி-டிரை என்பது ஒற்றைச் சூட். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கழுத்திலும் வழவழப்பான ரப்பர் மடிப்புகள், தண்ணீர் எளிதில் புகாத தடித்த ஜிப். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாது, புதுத் தண்ணீர் வராது. ஃபால்ஸ் விரிகுடாவில் கெல்ப் எனும் நெடிய கடற்பாசிக் காட்டுக்குள் போக எனக்கு இதுதான் பிடிக்கும். அட்லாண்டிக் பக்கமே கதி என்று இருப்பவர்கள் கடைசியில் உள்ளே தண்ணீரே புகாத டிரைசூட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், விலையும் வேறு உலகம்.

மைத்துனனுக்கு நான் சொன்னது இதுதான்: 5 மி.மீ.யைச் சொந்தமாக வாங்கு, கேப் டவுனுக்கு எப்போதாவது போகும்போது அங்கேயே 7 மி.மீ. வாடகைக்கு எடு. குளிர்காலத்தில் கல்குவாரியில் பழகுவதற்கும் வாடகைதான். பீடபூமி உயரத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர் ஜூலையில் கேப் டவுனுக்குச் சளைத்ததில்லை.

கடையில் செய்ய வேண்டியது

அவனோடு டர்பன் கடைக்குப் போனபோது விற்பனைப் பையன் முதலில் எடுத்துக் கொடுத்தது இரண்டு பிளாஸ்டிக் பைகள். பாதத்தில் பையை மாட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டால் உலர்ந்த நியோபிரீன் தோலைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கைக்கும் அதே வித்தை. நகத்தால் கிள்ளி இழுத்தால் ரப்பரில் பிறை வடிவில் கீறல் விழும். விரல் நுனிச் சதையால் மடிப்பு மடிப்பாகப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும்.

காலை ஏற்றுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மைத்துனன் முழங்காலுக்கு மேல் நிதானமாக ஏற்றாமல் அவசரமாகத் தோளை இழுத்து மாட்டிவிட்டு, "சின்னதா இருக்கு மாமா, தோள் அழுத்துது" என்றான். தொடைச் சந்தில் நான்கு விரல் இடைவெளி தெரிந்தது. அங்கே மிச்சம் விட்ட துணிதான் தோளைக் கீழே இழுக்கிறது. கழற்றச் சொல்லி, கணுக்காலிலிருந்து மறுபடி ஏற்றி, கவட்டில் இடைவெளியே இல்லாமல் செய்த பிறகு அதே சூட் தோளில் சரியாக உட்கார்ந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு அளவு பெரிய சூட் வாங்கி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம்.

பிறகு முதுகைப் பார்க்க வேண்டும், அதாவது கூட வந்தவர் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது இடுப்புக்கு மேலே முதுகு வளையும் இடத்தில் துணியைக் கிள்ளினால் கையோடு வரக்கூடாது. வந்தால் அங்கே ஒரு சொம்புத் தண்ணீர் குடியிருக்கும். ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அது பம்பு மாதிரி வேலை செய்து சூடான தண்ணீரைக் கழுத்து வழியே தள்ளி, குளிர்ந்த தண்ணீரை உள்ளே இழுக்கும். அக்குள், முழங்கால் பின்பக்கம், நெஞ்சுக்குக் கீழே, எல்லாவற்றிலும் இதே சோதனை. கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குந்தி உட்காருங்கள், இரண்டு கையையும் முன்னால் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வைத் தொடுவது போல் கையை எடுத்துப் போங்கள். மூச்சை முழுசாக இழுங்கள். நெஞ்சு விரியாமல் தடுத்தால் அது வேண்டாம். கடையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது சரியான அளவு. தண்ணீர் பட்டதும் நெகிழ்ந்துகொடுக்கும். உலர்ந்திருக்கும்போதே சௌகரியமாக இருப்பது தண்ணீரில் தொளதொளவென்று ஆகிவிடும்.

கழுத்தில் மட்டும் இந்த விதி பொருந்தாது. கழுத்துப்பட்டை மிக இறுக்கமானால் பக்கவாட்டில் ஓடும் பெரிய தமனியின் மேல் அழுத்தம் விழும். அங்கே இருக்கும் நரம்பு உணரி ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக எண்ணி இதயத்துடிப்பைக் குறைக்கும். தலைசுற்றல், கண் இருட்டல், சிலருக்கு மயக்கமே வரும். கடையிலேயே 10 நிமிடம் போட்டுக்கொண்டு நடங்கள். எச்சில் விழுங்கும்போது கழுத்து தொந்தரவு செய்தால் அந்தச் சூட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல், வெளிப்படையாகவே சொல்கிறேன்: தொப்பை உண்டு, கால் மெலிசு. கடையில் தொங்கும் ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் தோள் அகன்று தொடை கனத்த உடம்புக்கு வெட்டியவை. வயிற்றுக்குச் சரியாகும் அளவை எடுத்தால் தொடையிலும் முதுகிலும் காற்றோட்டம். தொடைக்கு எடுத்தால் ஜிப் ஏறாது. எல், எக்ஸ்எல் என்ற எழுத்தோடு நிற்காமல், அதே அளவில் குட்டை உடம்புக்கு வெட்டிய வகை இருக்கிறதா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, கடையில்தான் வெளியே எடுத்து வைப்பதில்லை. பெண்களுக்கு ஆண் சூட்டில் சின்ன அளவைக் கொடுத்து ஒப்பேற்றுவது இன்னும் நடக்கிறது. ஏற்கக் கூடாது. மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வெட்டே வேறு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுவதால் நீச்சலுடைக்குக் கூச்சப்படும் எங்கள் வீட்டுப் பெண்கள் முழுச்சூட்டைத் தயக்கமில்லாமல் போடுகிறார்கள் என்பது ஓர் உபரி லாபம்.

ஆயத்தச் சூட் எதுவும் உட்காரவில்லை என்றால் அளவெடுத்துத் தைக்கலாம். கேப் டவுனில் இதற்கென்றே பட்டறைகள் உண்டு. ரவிக்கைக்கு அளவு கொடுப்பதைவிட நுணுக்கமான வேலை. கெண்டைக்கால் சுற்றளவு, முழங்கைக்கு மேலே, கழுத்தின் அடி, கவட்டிலிருந்து தோள் வரை என்று நீண்டுகொண்டே போகும். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள், கடலில் யாரும் பார்க்கப் போவதில்லை. விலை கூடும், சில வாரம் காத்திருக்க வேண்டும், உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் நஷ்டம். எடை ஏறி இறங்கும் காலத்தில் இருப்பவர் இதில் இறங்க வேண்டாம். மற்றபடி தொப்பைக்கும் தொடைக்கும் ஒத்துப்போகாத உடம்புக்காரர் நாலு ஆயத்தச் சூட்டை மாற்றிப் பார்ப்பதை விட இது மலிவு.

வாடகை பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒருமுறை சொட்வானா போகிறவருக்குச் சொந்தச் சூட் வீண் செலவு. ஆனால் வாடகைச் சூட் நூறு பேர் உடம்பில் நெளிந்தது, நாள்தோறும் ஆழத்தில் நசுங்கியது. அதில் எழுதியிருக்கும் 5, கையில் பிடித்தால் 4கூடத் தேறாது. முழங்காலிலும் முதுகிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. பழைய சூட்டை விலைக்கு வாங்கும்போதும் இதுதான் சோதனை. கூடவே தையலை வெயிலுக்கு நேரே இழுத்துப் பிடித்து, ஊசித் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

தையலில் இரண்டே விஷயம் தெரிந்தால் போதும். இரண்டு பக்கமும் ஊசி ஊடுருவிய தட்டைத் தையல் தோலை உரசாது, ஆனால் தண்ணீர் விடும். 3 மி.மீ.க்கு அது போதும். 5 மி.மீ.க்கு மேல் விளிம்புகளை ஒட்டி, ஊசி மறுபக்கம் எட்டாமல் தைத்த வகைதான் வேண்டும். ஜிப் முதுகில் இருந்தால் போடச் சுலபம், முதுகுத்தண்டில் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தால் தண்ணீர் குறையும், தனியாகவே மாட்டலாம், ஆனால் அகன்ற தோள்காரர் கழற்றும்போது நடனமாட வேண்டும். நிறத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கறுப்புதான் சீக்கிரம் சாயம் போகாது.

மைத்துனன் கடைசியில் வாங்கியது குட்டை வெட்டில் 5 மி.மீ., முதுகு ஜிப், ஒட்டித் தைத்தது. தொப்பிச் சட்டை தனியாக. பயிற்சியில் போட்டது வாடகை 7 மி.மீ. என்பதால் அங்கே கட்டிய ஈயக் கணக்கு இனி உதவாது, குவாரித் தண்ணீர் உப்பும் இல்லை. அலிவாலுக்கு முன்னால் கடல்நீர்க் குளத்திலோ அமைதியான கரையோரத்திலோ ஒருமுறை பார்த்துவிடச் சொன்னேன். பி.சி.டி.யில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சைப் பிடித்து நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே வர வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால் டைவின் முடிவில் காலியாகும் காற்றின் எடைக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் ஈரச் சூட்டைக் கார் டிக்கியில் சுருட்டி வைத்து ஜோகன்னஸ்பர்க் வரை ஓட்டாதே என்றும் சொல்லியிருக்கிறேன். நல்ல தண்ணீரில் அலசி, இடுப்பில் மடித்து, அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிட்டு, சொட்டு நின்ற பிறகு கிளம்பினால் போதும்.